டிராக்டரை நிறுத்தி வைப்பது: முழுமையான வழிகாட்டி

இன்ஜினை அணைத்த பிறகும் டிராக்டரில் மூன்று விஷயங்கள் நகரலாம். சக்கரம் உருளலாம். இன்ஜினின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டும், அதில் மாட்டிய, மண்ணைக் கொத்திப் பொடியாக்கும் ரொட்டவேட்டரும் வேகம் அடங்காமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். தூக்கி வைத்த கலப்பை இறங்கலாம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அடக்கிவிட்டுச் சாவியை எடுத்தால்தான் வண்டி நின்றதாகக் கணக்கு. கீழே சொல்லும் முறை 35 முதல் 55 ஹெச்.பி. வரையிலான வழக்கமான வயல் டிராக்டர்களுக்கு உரியது. லிவர்கள் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும், அதை வண்டியோடு வந்த கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது

ஹேண்ட் பிரேக்கை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிரேக் பிடிக்காமல் போனாலும் வண்டி எங்கும் போய் விழாது என்கிற இடமாகப் பாருங்கள். சமதரை கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம்.

நம் ஊர்த் தோட்டங்களில் பெரிய ஆபத்து கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத, தரைமட்டத்தோடு இருக்கும் திறந்த கிணறு என்றால் அதன் பக்கம் முன்புறமோ பின்புறமோ காட்டி நிறுத்தவே கூடாது. இடையில் வரப்போ, மேடோ, மரமோ இருக்கும்படி பக்கவாட்டில் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் கிணற்று விளிம்பு மண் தளர்ந்திருக்கும். 2 டன் எடையுள்ள வண்டி பக்கத்தில் நின்றால் வண்டி உருளாமலேயே கரை சரியலாம். வாய்க்கால், ஓடைக் கரைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: பள்ளம் எத்தனை அடி ஆழமோ, விளிம்பிலிருந்து குறைந்தது அத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும்.

வைக்கோல் போர் பக்கமும், காய்ந்த சருகு குவிந்த இடத்திலும் வேண்டாம். வேலை முடித்து வந்த சைலன்சர் வெகுநேரம் சூடாகவே இருக்கும். தென்னை மரத்தடி நிழலும் வேண்டாம். மட்டை விழுந்தால் பானெட் நசுங்கும், தேங்காய் விழுந்தால் மீட்டர் பலகை போகும், ஆள் உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே டிப்பர் டிரெய்லரை நிறுத்தினால், பிறகு யாராவது யோசிக்காமல் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.

தொழி உழவு முடிந்ததும் கேஜ் வீலோடு (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) சேற்றிலேயே விட்டுவிட்டு வருவது பலருக்கும் பழக்கம். ராத்திரியில் வண்டி தன் எடையால் மெல்ல அமிழும், ஒரு பக்கம் அதிகமாக அமிழ்ந்தால் காலையில் சாய்ந்து நிற்கும். மேட்டுக்கு ஏற்றிவிட்டு வாருங்கள். ஒரு சக்கரம் வரப்பிலும் ஒன்று வயலிலுமாக நிறுத்துவதும் இதே வகைத் தவறுதான்.

ஓட்டத்திலிருந்து நிற்பது வரை

மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும் டிராக்டர் நொடிக்கு 7 மீட்டர் நகர்கிறது. குறுக்கே ஆடு வந்ததைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 10 மீட்டர் போயிருக்கும். பின்னால் சுமை இருந்தால் அதற்குப் பிறகு நிற்கும் தூரமும் நீளும்.

சாலையில் ஏறும் முன் இரண்டு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். முதலாவது, இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கியைப் போட வேண்டும். வயலில் முனை திரும்ப ஒற்றைப் பிரேக் உதவும். அதே ஒற்றைப் பிரேக்கைச் சாலை வேகத்தில் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும். இரண்டாவது, கை ஆக்சிலேட்டரை முழுவதும் குறைத்துவிட வேண்டும். அது வயலில் வைத்த இடத்திலேயே நின்றிருந்தால், சாலையில் கால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் வேகம் குறையாது. ‘காலை எடுத்துட்டேன், வண்டி நிக்கல’ என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் லாக் விடுபட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நிறுத்தும்போது ஆக்சிலேட்டரைக் குறையுங்கள், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். பிறகு பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். இன்ஜின் திணறப் போகும் நேரத்தில் கிளட்சை மிதியுங்கள். இந்த வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் கிளட்சை மிதித்தால் இன்ஜினின் பிடி அறுந்து, முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும்.

இறக்கத்தில் இது இன்னும் முக்கியம். ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சரிவானாலும் சரி, மலைப்பாதையானாலும் சரி, எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும், அதையும் உச்சியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். பல டிராக்டர்களில் ஓட்டத்தில் கியர் மாற்ற முடியாது. இறக்கத்தின் நடுவில் கியரை எடுத்தால் மறுபடி விழாது, வண்டி நியூட்ரலில் பாயும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும் இதே கதைதான். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் இறங்கும் முன் அதைப் போட்டுவிட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்.

தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கி வந்த பழைய உலர் பிரேக் வண்டிகளில் பிரேக் கொஞ்ச நேரம் வழுக்கும். சாலை ஏறியதும் மெதுவாக ஓட்டியபடி நாலைந்து முறை லேசாக மிதித்தால் ஈரம் காய்ந்துவிடும். எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

நின்ற இடத்தில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

1. பி.டி.ஓ. லிவரை விடுவியுங்கள். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி அழுத்தினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை நிற்கும், முழுக்க அழுத்தினால்தான் பி.டி.ஓ. நிற்கும். தனிக் கைக் கிளட்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பழைய ஒற்றைக் கிளட்ச் வண்டியில் புல் வெட்டும் ஸ்லாஷர் போன்ற கனமான சுழலும் கருவி மாட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கிளட்சை மிதித்த பிறகும் கருவியின் சுழற்சி, தண்டு வழியாகக் கியர்பெட்டிக்குத் திரும்பி வண்டியைச் சில அடி முன்னே தள்ளும். வரப்புக்கும் கிணற்றுக்கும் அருகே போகும் முன்பே பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள்.

2. கலப்பை, ரொட்டவேட்டர், பிளேடு எதுவானாலும் தரையில் இறக்குங்கள். ஹைட்ராலிக்கில் தொங்கும் எடையைப் பிடித்திருப்பது எண்ணெய் அழுத்தம் மட்டுமே. சீல் தேய்ந்திருந்தால் அது தானாக இறங்கும். இன்னொன்று, பலர் அறியாதது: இன்ஜின் அணைந்திருந்தாலும் லிவரைக் கீழே தள்ளினால் கருவி தன் எடையால் இறங்கிவிடும். விளையாடும் குழந்தையின் கை பட்டாலே போதும்.

3. கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். வேக வரம்பை (ரேஞ்ச்) மாற்றும் ஹை-லோ லிவரையும் நியூட்ரலில் வையுங்கள்.

4. இணைத்த இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்து நன்றாக மிதித்து ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். பல மாடல்களில் ஹேண்ட் பிரேக் என்பது மிதித்த பெடலைப் பிடித்து வைக்கும் பல்கொக்கிதான். பெடல்கள் இணையாமல் இருந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளும், சரிவில் வண்டி அந்தச் சக்கரத்தை மையமாக வைத்துச் சுற்றத் தொடங்கும்.

5. காலை மெல்ல எடுத்துவிட்டுப் பத்து நொடி சும்மா இருங்கள். எதிரே ஒரு மரத்தையோ தூணையோ பார்த்துக்கொண்டிருங்கள். வண்டி அசைந்தால் தெரியும். பிரேக் பிடிக்கிறதா என்பதை இருக்கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும், இறங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

6. இன்ஜினை மெதுவேகத்தில் ஓட விடுங்கள். சாதாரண வேலைக்குப் பிறகு 2 நிமிடம் போதும். ரொட்டவேட்டர் போல இழுத்து வேலை செய்த பிறகோ, டர்போ (இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டியானாலோ 3 முதல் 5 நிமிடம் வேண்டும். டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் போவது இன்ஜின் ஓடும்வரைதான். கொதிக்கும் டர்போ வேகமாகச் சுற்றும்போதே அணைத்தால், அதில் தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். டர்போ சீக்கிரம் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

7. ஸ்டாப் குமிழை இழுங்கள். அது டீசல் பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எரிபொருளை வெட்டுகிறது. இன்ஜின் முழுவதும் நின்ற பிறகு சாவியைத் திருப்பி எடுங்கள். சாவி ஆன் நிலையிலேயே கிடந்தால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட புதிய டிராக்டர்கள் டிரெம்-4 புகை விதிப்படி வருகின்றன. அவற்றில் எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்துவதால் சாவியைத் திருப்பினாலே இன்ஜின் நிற்கும்.

8. இறங்குங்கள், குதிக்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்து, இடப்பக்கமாக இறங்குவது நல்லது. வலப்பக்கம் பிரேக் பெடலும் ஹைட்ராலிக் லிவரும் இருக்கும். கைலி மாட்டி லிவர் இழுபடுவது நடக்கிற விஷயம்தான்.

9. சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

கட்டையும் கியரும்

கட்டை கொடுப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கையில் கிடைத்த கல்லை வைத்துவிட்டுப் போவது கட்டை கொடுப்பதாகாது. உருண்டைக் கல் டயரின் அழுத்தத்தில் நழுவிவிடும், மண்ணில் புதைந்தாலும் பிடிக்காது. ஹாலோ பிளாக் உடையும். வேலமரமோ பனையோ, 6 முதல் 8 அங்குல உயரத்தில் முக்கோணமாக அறுத்த இரண்டு கட்டைகள் போதும். இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டி வண்டியிலேயே தொங்க விடுங்கள். எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இருப்பதால் கட்டையைப் பின்சக்கரத்துக்கே கொடுங்கள். இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. கட்டைக்கும் டயருக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். கொஞ்சம் உருண்டு வேகம் பிடித்த டயர் கட்டையின் மேல் ஏறிவிடும்.

சரிவில் கியரில் நிறுத்தலாமா என்பது டீக்கடைகளில் முடியாத வாதம். நம் கணக்கு இது: சமதரையில் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கட்டை. சரிவில் வேறு வழியில்லாமல் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு லோ ரேஞ்சில் முதல் கியர் அல்லது ரிவர்ஸ், கூடவே கட்டை. மேட்டைப் பார்த்து நின்றால் முன் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். பார்க் லாக் இருந்தால் அதைப் போடுங்கள். முன்சக்கரத்தை வரப்பு அல்லது மேட்டுப் பக்கமாகத் திருப்பி விடுங்கள். கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி.

கியர் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் இருப்பதால், ஒரு பின்சக்கரம் ஈரத்தில் பிடியில்லாமல் நின்றாலோ ஜாக்கியில் தூக்கியிருந்தாலோ அது பின்னோக்கிச் சுற்றும், மற்றது முன்னோக்கி உருளும். கியர் அப்படியே விழுந்தபடிதான் இருக்கும், வண்டி நகர்ந்துவிடும். இரண்டாவது, ஹைட்ராலிக்கில் இயங்கும் பவர் ஷட்டில் வண்டிகளில் முன்-பின் லிவரை எந்தப் பக்கம் போட்டு வைத்தாலும் பயனில்லை. இன்ஜின் நின்றதும் அழுத்தம் போய், கிளட்ச் பிடியை விட்டுவிடும்.

கியரில் நிறுத்தினால் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஸ்டார்ட்டர் கோளாறான பழைய வண்டியைக் கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளைத் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்ச் இப்படிச் செய்யும்போது வேலை செய்யாது. வண்டி கியரில் இருந்தால் உடனே நகரும், தொடுகிறவர் நிற்பது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். டிராக்டரை இருக்கையில் உட்கார்ந்து மட்டுமே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட்டர் பழுதை அன்றே சரிசெய்யுங்கள்.

டிரெய்லரோடு நிறுத்தும்போது

நம் பக்கம் ஓடும் பெரும்பாலான இரு சக்கர டிரெய்லர்களுக்குப் பிரேக் கிடையாது. கரும்போ மணலோ ஏற்றிய பெட்டி டிராக்டரை விடக் கனமாக இருக்கும். திடீரென்று பிரேக் அடித்தால் பெட்டி பின்னாலிருந்து தள்ளும். ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியிருந்தால் டிராக்டரின் பின்பக்கம் ஒரு புறமாகத் தள்ளப்பட்டு, இரண்டும் மடங்கிக்கொள்ளும். எனவே நிறுத்தும் இடத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, நேர்க்கோட்டில் நிறுத்துங்கள்.

கழற்றும்போது முதலில் டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. அதன் பிறகே ஹூக்கு பின்னைத் தொட வேண்டும். முன்பக்கக் காலையோ ஜாக்கியையோ இறக்கி, அதன் கீழே பலகை வையுங்கள். மண்ணில் நேரடியாக நின்றால் கால் இறங்கிவிடும். சுமை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் கனம் என்றால் பின்னை எடுத்ததும் கொக்கி கீழே விழும், பாதம் அடியில் இருக்கக் கூடாது. பின்பக்கம் கனம் என்றால் கொக்கி மேலே எகிறும். குனிந்து பின்னை இழுத்துக்கொண்டிருப்பவரின் முகவாய் அந்த நேரத்தில் சரியாக அதற்கு மேலே இருக்கும். முடிந்தால் காலிப் பெட்டியை மட்டும் கழற்றுங்கள்.

டிராக்டரைப் பின்னால் எடுத்துக் கொக்கி மாட்டும்போது, உதவிக்கு நிற்பவர் டிராக்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கக் கூடாது. வண்டி நின்று, நியூட்ரலாகி, பிரேக் போட்ட பிறகு உள்ளே போய்ப் பின்னைப் போடட்டும்.

இன்ஜின் ஓடும்படி நிறுத்த வேண்டியிருந்தால்

கதிரடிக்கும் இயந்திரம், தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு டிராக்டர் நின்றபடியே ஓட வேண்டும். அதிர்வில் ஹேண்ட் பிரேக்கின் பல்கொக்கி நழுவலாம், எனவே பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இரண்டு கியர் லிவரும் நியூட்ரலில் இருக்க வேண்டும். தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். 540 சுற்று வேகத்தில் பி.டி.ஓ. தண்டு நொடிக்கு 9 முறை சுற்றுகிறது. 7 செ.மீ. விட்டமுள்ள தண்டு என்றால் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் துணியைச் சுருட்டும். நாலு முழ வேட்டியின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். தண்டைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள்.

ரொட்டவேட்டரில் சிக்கிய கயிறு, பழைய சேலை, கொடியை எடுக்கும்போது கருவியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்குங்கள், பி.டி.ஓ.வை விடுவியுங்கள், இன்ஜினை அணையுங்கள், சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள், பிளேடு நின்றுவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு சட்டத்தின் இரு பக்கமும் தடித்த மரக்கட்டை அண்டை கொடுத்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

சாலையோரம், இரவில்

தார்ச்சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிறுத்துங்கள். பார்க்கிங் விளக்கு எரியட்டும். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தாலும், மேலே தொங்கும் கரும்புத் தோகையோ வைக்கோலோ அதை மறைத்திருக்கும், விலக்கிவிடுங்கள். பழுதாகிச் சாலையிலேயே நிற்க நேர்ந்தால் குறைந்தது 50 மீட்டர் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். மரக்கிளையும் கல்லும் வைப்பது நம் வழக்கம். கிளை பரவாயில்லை. கல் வேண்டாம், வண்டி கிளம்பும்போது அதை எடுத்துப்போட யாருக்கும் நினைவிருப்பதில்லை, அடுத்து வரும் இரு சக்கர வண்டிக்காரர்தான் அதில் ஏறி விழுகிறார்.

இன்ஜின் நிற்காவிட்டால்

ஸ்டாப் கேபிள் அறுந்துவிட்டால் குமிழ் சும்மா கையோடு வரும். டீசல் பம்பிலேயே கேபிள் மாட்டியிருக்கும் சிறு லிவர் உண்டு, அதை நிறுத்தும் பக்கம் தள்ளினால் இன்ஜின் அணையும். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்திலேயே ஓடுவதால் துண்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விடுங்கள். அது எட்டாவிட்டால், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் மெதுவேகத்தில் ஹை ரேஞ்ச் உயர் கியரைப் போட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்தி மிதித்தபடி கிளட்சை விடுங்கள், திணறி நின்றுவிடும். டீசல் டேப்பை மூடுவது கடைசி வழி. நிற்கச் சில நிமிடம் ஆகும், பிறகு டீசல் குழாயில் காற்றுப் பிடித்து, அதை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டிவரும். ஓடும் இன்ஜினில் டீசல் குழாய் நட்டைக் கழற்றாதீர்கள்.

ராத்திரிக்கும் பல நாளுக்கும்

நேராக நிற்கும் சைலன்சரின் மேல் தகர டப்பாவைக் கவிழ்க்கும் வழக்கம் நல்லது. ஒரு மழை நீர் உள்ளே இறங்கினாலே இன்ஜினுக்குச் செலவு. டேங்கை மாலையிலேயே நிரப்பிவிட்டால் குளிரில் உள்ளே நீர் கோத்து டீசலில் கலப்பது குறையும். பல பழைய மாடல்களில் ஒரு வண்டிச் சாவி இன்னொன்றுக்கும் பொருந்தும். சாவியை எடுத்துவிட்டதால் குழந்தைகள் ஸ்டார்ட் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் கிளட்ச் பெடலை அழுத்திய நிலையில் கட்டையால் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் பிளேட் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஷெட்டில் தவிடு, நெல் மூட்டை இருந்தால் எலி வரும், ஒயரை அறுக்கும். மூட்டையை வேறிடம் மாற்றுவதே வழி.

மீண்டும் எடுக்கும்போது டப்பாவை எடுங்கள், அடியில் நாயோ குழந்தையோ இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள், தரையில் புதிய எண்ணெய்க் கறை இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். உட்கார்ந்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்த பிறகு கட்டையை எடுக்க மறுபடி இறங்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருக்கட்டும். கிளம்பிய முதல் பத்து மீட்டரில் பெடல்களை இணைத்து ஒருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கவில்லை என்று பொருள். சாலைக்கு ஏறும் முன் இரு பெடல்களின் தளர்வையும் கையேட்டில் உள்ள அளவுக்குச் சமமாக அட்ஜஸ்ட் செய்யுங்கள்.